பாலாமை எப்படி இருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வீடு ஏரிக்கரைய ஒட்டி இருக்கு. மழை ஆரம்பிச்சா போதும், ஆமை ரோட்டுக்கு ஏறி வந்துடும், உடனே யாராவது போட்டோ எடுத்து அனுப்பி இது என்ன ஆமைன்னு கேப்பாங்க. பத்துல எட்டு போட்டோல இருக்கறது பாலாமைதான். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகம் வர்றதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன், ஆமைய பாத்தவுடனே அடையாளம் கண்டுபிடிக்கணும், அதுக்காகத்தான் இது.

பாலாமைன்னா எது? எங்க ஊர்ல எல்லாத்தையும் ஆமைன்னுதான் சொல்லுவோம்

குளம், ஏரி, கிணறு, வயக்காட்டு வாய்க்கால்ல இருக்குமே, ஓடு வழவழன்னு, மூக்கு மட்டும் கொஞ்சம் நீட்டிக்கிட்டு, அதுதான் பாலாமை. அறிவியல் பேரு லிஸ்ஸெமிஸ் பங்க்டேட்டா, 1789லயே பொன்னட்டேர்ன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இதுக்கு பேர் வச்சு எழுதிட்டாரு. நன்னீர் ஆமை, கடலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம்னு பரவலா இருக்கு. இலங்கையில இருக்கற இதோட சொந்தக்கார ஆமைய இப்ப தனி இனமாவே பிரிச்சிட்டாங்க.

பேர்ல பால் எப்படி வந்துச்சுன்னு கேட்டா, ஆமைய ஒரு தடவ அடிப்பக்கம் பாத்தீங்கன்னா புரியும், வயித்துப் பக்கம் பால்ல துளி மஞ்சள் கலந்த மாதிரி வெளுப்பா இருக்கும். மலையாளத்துல இத வெள்ளாமைன்னுதான் சொல்றாங்க, சிங்களத்துல கிரி இப்பா, கிரின்னா அங்கயும் பால்தான். மூணு மொழிக்காரங்களும் பாத்தது அந்த வயித்தத்தான்னு நான் நெனைக்கிறேன்.

இதுக்கு ஓடே இல்லையா? கட்டம் கட்டமா ஒண்ணையும் காணோம்

ஓடு இருக்கு. நீங்க சொல்ற கட்டம் வேற. மத்த ஆமைங்கள்ல பெரும்பாலானதுக்கு எலும்பு ஓட்டுக்கு மேல நம்ம நகம் மாதிரி ஒரு பொருள்ல தகடு தகடா மூடியிருக்கும், அதத்தான் கட்டம்னு சொல்றோம். பாலாமைக்கு அந்தத் தகடு கிடையாது, எலும்பு மேலயே நேரா தோல் போர்த்தியிருக்கு. அதனாலதான் தண்ணியில நனைஞ்சு இருக்கும்போது ஈரத் தோல் மாதிரி பளபளன்னு தெரியும். இந்த மாதிரி தோல் போர்த்திய குடும்பத்துக்கு மென்னோட்டு ஆமைகள்னு பேரு, பாலாமையும் அதுல ஒண்ணு.

மென்னோடுன்னா தொட்டா மெத்துன்னு அமுங்குமா?

நடுவுல அமுங்காது. உள்ள நல்ல கெட்டியான எலும்பு இருக்கு. ஓரத்துல மட்டும் லேசா விட்டுக் கொடுக்கும், அதுவும் பெரிய ஆமையில ரொம்ப கம்மி. மென்னோட்டு ஆமைகள்லயே பாலாமைதான் கொஞ்சம் கெட்டி ஜாதி, ஏன்னா இதோட மேலோட்டுப் பின் ஓரத்துல சின்னச் சின்னதா தனி எலும்புங்க வரிசையா இருக்கும், அது மத்த மென்னோட்டு ஆமைங்களுக்கு இல்ல. உருவமும் அப்படித்தான், மத்ததெல்லாம் தோசை மாதிரி தட்டையா இருக்கும், இது நடுவுல கொஞ்சம் உப்பி கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி இருக்கும்.

எவ்ளோ பெருசு வளரும்?

ஓட்டு நீளம் வச்சுத்தான் அளப்பாங்க, தலை, வால் கணக்குல வராது. பெரிய பெண் ஆமை 35 செ.மீ. வரைக்கும் போகும், ஆண் அத விட சின்னது. நம்ம கண்ணுல சாதாரணமா படுறது ஒரு சாப்பாட்டுத் தட்டு சைஸ்தான், அத விட கம்மியாவும் இருக்கும். முட்டையில இருந்து வர்ற குட்டி சுமார் 4 செ.மீ., ஒரு பிஸ்கட் அளவு.

என்ன கலர்னு சொல்லணும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க

எல்லாரும் சொல்றதும் சரியா இருக்கலாம். மேல் ஓடு பாசிப்பச்சையும் பழுப்பும் கலந்த கலர், சில ஆமை பச்சைப் பக்கம் சாயும், சிலது கரும்பழுப்பு. சேறு அப்பியிருந்தா கறுப்பாவே தெரியும், காஞ்சா சாம்பல் ஆயிடும், ஒரே ஆமைய காலையில ஒரு தரம் மத்தியானம் ஒரு தரம் பாத்தா வேற வேற ஆமைன்னுதான் நெனைப்பீங்க. அதனால மேல் ஓட்டுக் கலர மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

தலையும் கழுத்தும் பச்சைகலந்த பழுப்பு, அதுல மஞ்சள் திட்டோ கருங்கோடோ லேசா இருக்கும், வயசாக ஆக மங்கிடும். மாறாத கலர்னா வயித்துப் பக்கம்தான், மேல சொன்ன அந்தப் பால் வெளுப்பு.

பின்னங்கால் கிட்ட ரெண்டு மூடி மாதிரி தொங்குதே, அடிபட்டு தோல் கிழிஞ்சிருக்கா?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. கிழியல, அது பிறவியிலயே இருக்கறது, பாலாமையோட பெரிய அடையாளமே அதுதான். வயித்து ஓட்டோட பின் பக்கத்துல இடதுக்கு ஒண்ணு வலதுக்கு ஒண்ணா ரெண்டு தோல் மடல் இருக்கும். ஆமை பின்னங்கால உள்ள இழுத்ததும் இந்த மடல் கதவு மாதிரி மேல எழும்பி கால மூடிடும். முன்பக்கமும் விடல, வயித்து ஓட்டோட முன் பகுதி ஒரு கீல் வச்ச மாதிரி அசையும், தலையும் முன்னங்காலும் உள்ள போனதும் அதுவும் மேல வந்து அடைச்சிக்கும்.

ஒரு தடவ பக்கத்து தோட்டத்துல கிணறு தூர் வாரினப்போ வாளியில ஒரு பாலாமை ஏறி வந்துச்சு. தரையில கொட்டினதும் முதல்ல தலை போச்சு, அப்புறம் முன் மூடி ஏறுச்சு, ஒரு நொடி கழிச்சு பின்னங்கால் ரெண்டும் ஒண்ணா இல்லாம வலது மடல் முதல்ல, இடது மடல் பிறகுன்னு மெதுவா மூடிக்கிச்சு. கடைசியில எங்க தலை எங்க வால்னே தெரியாத ஒரு ஈரக் கல்லு மாதிரி கிடந்துச்சு. பத்து நிமிஷம் யாரும் பேசாம ஒதுங்கி நின்னோம், அதுக்கப்புறம்தான் முன் மூடி நூல் அளவு திறந்து மூக்கு மட்டும் வெளிய வந்துச்சு.

அந்த மடல் எதுக்கு? வேற ஆமைக்கு இல்லையா?

நரி, நாய் மாதிரி ஏதாவது கால கவ்வ வந்தா பிடி கிடைக்காது, அது ஒரு காரணம். இன்னொண்ணு தண்ணி வத்துற காலத்துக்கு. உடம்புல இருக்கற ஈரம் வெளிய போகாம மூடி வச்சிக்க இது உதவும். நம்ம ஏரி குளமெல்லாம் வருஷத்துல பாதி நாள் காஞ்சு கிடக்கற ஊர்ல இந்த மடல் இல்லன்னா பாலாமை இவ்ளோ பரவலா இருந்திருக்காதுன்னு எனக்குத் தோணுது.

ஆசியாவுல இந்த மாதிரி மடல் பாலாமைக்கும் அதோட நெருங்கின சொந்தங்களுக்கும் மட்டும்தான். ஆப்பிரிக்காவுல வேற ரெண்டு வகை மென்னோட்டு ஆமைக்கு உண்டு. ஆக நம்ம ஊர்ல மடல் பாத்தீங்கன்னா மேல யோசிக்கவே வேண்டாம்.

மூக்கு பன்னி மூக்கு மாதிரி இருக்கே?

ஆமா, மூக்கு நுனி குட்டையான குழாய் மாதிரி நீட்டிக்கிட்டு, முன்னாடி ரெண்டு ஓட்டை இருக்கும். கலங்கல் தண்ணியில உடம்பு மொத்தமும் சேத்துக்குள்ள வச்சிக்கிட்டு கழுத்த நீட்டி மூக்கு நுனிய மட்டும் வெளிய விட்டு மூச்சு வாங்கும். குளத்துல அசையாம நின்னு பாருங்க, தண்ணி மேல விரல் நுனி அளவுல ஒண்ணு தெரிஞ்சு உடனே மறையும், சின்ன வட்டம் மட்டும் விரியும், அது இதுதான். கண்ணும் அதுக்கேத்த மாதிரி தலையில மேல தள்ளி இருக்கு. காது வெளிய தெரியாது, தோலுக்கு அடியில மறைஞ்சிருக்கும்.

பல்லு இருக்கா? கடிக்குமா?

எந்த ஆமைக்கும் பல்லு கிடையாது, அலகுதான். பாலாமைக்கு அந்த அலகையும் சதைப்பிடிப்பான உதடு மூடியிருக்கறதால வாய் சாதுவா தெரியும், அத நம்பி விரல கிட்ட கொண்டு போகாதீங்க. நத்தை, மீன், தவளை, நண்டுன்னு எல்லாம் சாப்பிடுற வாய் அது, தண்ணிச் செடியும் தின்னும், செத்தது கிடந்தா அதையும் தின்னு குளத்த சுத்தமா வச்சிருக்கும்.

கழுத்து நீங்க நெனைக்கறத விட ரொம்ப நீளம். உள்ள இருக்கும்போது எஸ் எழுத்து மாதிரி மடிஞ்சு இருக்கும், நீட்டினா ஓட்டோட நடு வரைக்கும் திரும்பி வரும். அதனால ரோட்டுல இருந்து ஓரமா எடுத்து விடணும்னா பக்கவாட்டுல நடுவுல பிடிக்காம ஓட்டோட பின் பாதிய ரெண்டு கையாலயும் பிடிங்க, தரைய ஒட்டியே தூக்குங்க, எந்தப் பக்கம் போய்க்கிட்டு இருந்துச்சோ அந்தப் பக்கமே விடுங்க.

கால்ல மூணு நகம்தான் இருக்கு, மிச்சத்த யாரோ வெட்டிட்டாங்களா?

யாரும் வெட்டல. விரல் அஞ்சு இருக்கும், நகம் மூணுல மட்டும்தான், முன்னங்கால் பின்னங்கால் நாலுலயும் அப்படித்தான். இந்தக் குடும்பத்து ஆமை எல்லாத்துக்கும் இதே கணக்கு. விரலுக்கு நடுவுல வாத்துக்கு இருக்கற மாதிரி சவ்வு இருக்கும், நீந்த அது, சேறு தோண்ட நகம். முன்னங்கால் மேல் பக்கத்துல பிறை வடிவத்துல மூணு நாலு தோல் மடிப்பு வரிசையா இருக்கும், போட்டோவ பெருசாக்கிப் பாத்தா தெரியும்.

காராமைக்கும் பாலாமைக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கறது? ரெண்டும் எங்க குளத்துல இருக்கு

ஒரே குளத்துல ரெண்டும் இருக்கும், சரிதான். ஆனா பக்கத்துல வச்சு பாத்தா குழப்பமே வராது. காராமைக்கு ஓடு கறுப்பு இல்ல கரும்பழுப்பு, மேல நீங்க தேடின கட்டம் எல்லாம் இருக்கும், தலையில இருந்து வால் வரைக்கும் மூணு வரப்பு மாதிரி மேடு ஓடும், நடு வரப்பு நல்லா எடுப்பா இருக்கும். மூக்கு சாதாரண ஆமை மூக்கு, குழாய் கிடையாது. நகம் முன்னங்கால்ல அஞ்சு, பின்னங்கால்ல நாலு. வயித்துப் பக்கமும் கருமைதான், ஓரத்துல மஞ்சள் இருக்கலாம். மடல் இல்ல.

தூரத்துல கட்டை மேல வெயில் காயும்போது பாக்கறீங்கன்னா மடல் நகமெல்லாம் தெரியாது, அப்ப ஓட்ட பாருங்க, வரப்பு தெரிஞ்சா காராமை, வழவழன்னு ஒரே உருண்டையா இருந்தா பாலாமை.

ஆத்துல பெரிய தட்டை ஆமை பாத்தோம், மூக்கு இதே மாதிரி. அது வயசான பாலாமையா?

இல்ல, அது பெரும்பாலும் லீத் மென்னோட்டு ஆமையா இருக்கும். காவிரி, பவானி மாதிரி ஆறுகள்ல இருக்கு, ரெண்டு அடி நீளத்துக்கு வளரும், பாலாமை எவ்ளோ வயசானாலும் அந்த சைஸ் வராது. அது ரொம்ப தட்டை, மூக்குக் குழாய் இன்னும் நீளம், ஓட்டு ஓரம் நல்லா வளைஞ்சு கொடுக்கும், முக்கியமா பின்னாடி மடல் இருக்காது. அதோட குட்டிக்கு முதுகுல கண்ணு வரைஞ்ச மாதிரி நாலுல இருந்து ஆறு வட்டம் இருக்கும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும்.

கடையில விக்கிற பச்சைக் குட்டி ஆமை பாலாமை குட்டிதானே?

இல்லவே இல்ல. கண்ணுக்குப் பின்னாடி சிவப்புத் திட்டு இருக்கா பாருங்க, இருந்தா அது சிவப்புக் காது ஆமை, அமெரிக்கப் பக்கத்து ஆமை. ஓட்டுல கட்டம், பச்சையும் மஞ்சளுமா கோடு. அத வளர்த்து சலிச்சுப்போய் நம்ம குளத்துல கொண்டு வந்து விடாதீங்க, நம்ம ஆமையோட சாப்பாடு, இடம் எல்லாத்துக்கும் போட்டிக்கு வந்துடும்.

அப்ப பாலாமை குட்டி எப்படி இருக்கும்?

பெரிய ஆமைய சின்னதாக்கின மாதிரிதான், ஆனா ஓட்டு மேல வழவழப்பு இருக்காது, தலைப்பக்கம் இருந்து வால்பக்கம் நீளவாக்குல சின்னச் சின்ன சுருக்கமும் மேடும் வரிசையா ஓடும். வளர வளர அது மறைஞ்சு வழவழப்பு வந்துடும். தலைக்கோடும் குட்டியில நல்லா பளிச்சுன்னு தெரியும். வயித்துப் பக்கம் குட்டியில வெறும் தோலா தெரியும், பெருசுல அங்க ஏழு சொரசொரப்பான திட்டு உருவாகும், தோலுக்குக் கீழ இருக்கற எலும்பு கெட்டிப்பட்டு வர்றது அது. யாரோ அத தோல் வியாதின்னு நெனைச்சு மஞ்சள் பூசி வச்சிருந்தாங்க, பாசத்துல செஞ்சதுதான், ஆனா அது வியாதி இல்ல.

ஆணா பெண்ணான்னு பாத்து சொல்ல முடியுமா?

வளர்ந்த ஆமையில முடியும், குட்டியில முடியாது. ஆணுக்கு வால் நீளமா தடிப்பா இருக்கும், பெண்ணுக்கு குட்டையா மொட்டையா இருக்கும். சிக்கல் என்னன்னா பயந்துபோன ஆமை மடல மூடிக்கிட்டா வால் தெரியவே தெரியாது, அதுவா நடக்க ஆரம்பிக்கற வரைக்கும் பொறுத்துத்தான் பாக்கணும், தயவுசெஞ்சு மடல நெம்பி திறக்காதீங்க. சைஸ் ஒரு குறிப்புதான், ரொம்பப் பெருசுன்னா பெண்ணா இருக்க வாய்ப்பு அதிகம்.

நெட்ல பாலாமைன்னு போட்டா முதுகு பூரா மஞ்சள் புள்ளியோட வருது, எங்க ஊர் ஆமைக்கு புள்ளியே இல்ல. எது நிஜம்?

ரெண்டும் நிஜம். வட இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம் பக்கம் இருக்கறது ஆண்டர்சோனின்னு ஒரு உள்ளினம், அதாவது பாலாமைக்குள்ளயே ஒரு பிரிவு, அதுக்குத்தான் முதுகுலயும் தலையிலயும் மஞ்சள் புள்ளி தெளிச்ச மாதிரி இருக்கும். தெற்க இருக்கற நம்ம ஆமைக்கு வளர்ந்தப்புறம் முதுகு ஒரே கலர். நெட்ல வடக்கத்தி ஆமை போட்டோ அதிகமா சுத்துது, அதனாலதான் இந்தக் குழப்பம். இதுல ஒரு வேடிக்கை பாருங்க, அறிவியல் பேர்ல வர்ற பங்க்டேட்டான்னா புள்ளி வச்சதுன்னு அர்த்தம், ஆனா உள்ளினப் பேராவும் அதையே வச்சு லிஸ்ஸெமிஸ் பங்க்டேட்டா பங்க்டேட்டான்னு இருக்கறது முதுகுல மஞ்சள் புள்ளி இல்லாத நம்ம தெற்கத்தி ஆமை.

முழுசா மஞ்சளா ஒரு ஆமை வீடியோ வந்துச்சே, பெயிண்ட் அடிச்சதா? புது இனமா?

பெயிண்ட்டும் இல்ல புது இனமும் இல்ல, அதுவும் பாலாமைதான். 2020 ஜூலைல ஒடிசா பாலாசோர் மாவட்டத்துல ஒண்ணு கிடைச்சுது, அதே வருஷம் அக்டோபர்ல மேற்கு வங்கம் பர்த்வான் பக்கம் இன்னொண்ணு. உடம்புல கருநிறமி உண்டாகாம போற மரபணுக் குறை அது. கரும்பச்சை நிறம் வரவேண்டிய இடத்துல அது வராததால அடியில இருக்கற மஞ்சள் மட்டும் மிஞ்சிடுது, ஒடிசா ஆமைக்கு கண்ணு கூட இளஞ்சிவப்பா இருந்துச்சு. மடல், மூக்கு, மூணு நகம் எல்லாம் அப்படியே இருக்கும், கலர் மட்டும்தான் வேற. சேத்துக்கலர்ல ஒளிஞ்சு பிழைக்கற பிராணி மஞ்சளா பிறந்தா காக்கா கொக்கு கண்ணுல இருந்து தப்பறது கஷ்டம், அப்படி இருந்தும் அது வளர்ந்து வந்திருக்குன்னா எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்கு.

ஓட்டுல வட்டம் எண்ணி வயசு சொல்லலாமாமே?

பாலாமையில முடியாது. வட்டம் விழறது கட்டத் தகடுல, அதுதான் இதுக்கு இல்லையே, ரெண்டாவது கேள்வியில சொன்னேன். தகடு இருக்கற ஆமையில கூட வயசாயிட்டா வட்டம் தேஞ்சு போயிடும், நம்ப முடியாது. குட்டி, நடுத்தரம், பெருசுன்னு மட்டும்தான் பாத்து சொல்ல முடியும்.

குளம் வத்தினப்போ மண்ண வெட்டினோம், உள்ள ஒரு ஆமை, தோல் வெளிறி காஞ்சு போயி அசையவே இல்ல. செத்துடுச்சா?

செத்துதான் இருக்கும்னு முடிவு கட்டிடாதீங்க. வெயில் காலத்துல சேத்துக்குள்ள புதைஞ்சு மாசக்கணக்குல அசையாம இருக்கும், அப்ப தோல் பளபளப்பு போயி சாம்பல் பூத்து, காஞ்ச மண்ணோட ஒட்டி பாக்கவே பாவமா இருக்கும். மடலும் முன் மூடியும் இறுக்கி மூடியிருந்தா உசுரு இருக்க வாய்ப்பு அதிகம், ஏன்னா அத மூடிப் பிடிக்கறது தசை. செத்த ஆமைக்கு மடல் தளர்ந்து தொங்கும், கழுத்து வெளிய வந்துடும், நாத்தமும் வரும். இறுக்கமா இருந்தா எடுத்த இடத்துலயே நிழலா பாத்து ஈர மண்ணுக்குள்ள திரும்ப வச்சு மூடிடுங்க, அங்க வேலை நடக்குதுன்னா பக்கத்துல மண்வெட்டி போகாத சேறு பாத்து வைங்க.

வெறும் ஓடு மட்டும் கரையில கிடந்துச்சு, எந்த ஆமைன்னு எப்படி தெரிஞ்சுக்கறது? வீட்டுல வச்சுக்கலாமா?

தோல் அழுகிப் போனப்புறம் பாலாமை எலும்பு ஓடு பளிச்சுன்னு வேற மாதிரி தெரியும். மேல் பரப்பு பூரா பொடிப்பொடியா மணல் ஒட்டின மாதிரி சொரசொரப்பு, விரலால தடவினா உப்புத்தாள் மாதிரி இருக்கும். கட்டம் உரிஞ்சு விழுந்த கோடு எதுவும் இருக்காது, காராமை ஓட்டுல அந்தக் கோட்டுப் பள்ளம் தெளிவா தெரியும். பின் ஓரத்துல நான் சொன்ன அந்தச் சின்ன எலும்புங்க தனித்தனியா உதிர்ந்து கிடக்கலாம், சுத்தி மண்ண கிளறிப் பாருங்க. வயித்துப் பக்கம் துண்டு கிடைச்சா அதுலயும் அதே சொரசொரப்பு திட்டு இருக்கும்.

பாருங்க, போட்டோ எடுங்க, ஆனா வீட்டுக்கு கொண்டு போகாதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல பாலாமை முதல் அட்டவணையில இருக்கு, புலிக்கு இருக்கற அதே அட்டவணை. பிடிக்கறது, வளர்க்கறது, கறிக்கு விக்கறது மட்டும் இல்ல, ஓட்ட வச்சிருக்கறது கூட குத்தம்தான், மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. உசுரோட அடிபட்ட ஆமைன்னா பக்கத்து வனத்துறை ஆபீசுக்கு போன் பண்ணுங்க, அவங்க வர்ற வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல ஈரத்துணி போட்டு நிழல்ல வைங்க, தண்ணி நிரப்ப வேண்டாம், அடிபட்டது தலைய தூக்க முடியாம மூழ்கிடலாம்.